நம்பும்படியான ஆள்

உளுந்தூர்பேட்டையில் பேருந்து மாறுவதற்காக நேற்று மதியம் சாலையோரம் நின்றிருந்தேன். பின்னால் ஒரு பஞ்சர் கடை. லாரி டியூபுக்கு ஒட்டுப் போட்டுச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் தீய்கிற வாடை வந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்ளப் போனேன். கை பாதியில் நின்றுவிட்டது. உன் அலுவலகத்தின் வாடை அது. கீழ்க்கடையின் புகை மாடிப்படி ஏறி நேராக உன் அறைக்குத்தான் வரும். நீ கோர்ட்டுக்குப் போட்டுப் போகும் கறுப்புக் கோட்டில், அலமாரியில் அடுக்கிய வழக்குக் கட்டுகளில், நான் படிக்கக் கொடுத்துத் திரும்ப வாங்கிய ஒவ்வொரு தாளிலும் அது இருக்கும். "கருவாடு மாதிரி என் கேசுங்க எல்லாம் கெடாம இருக்குதுடி" என்பாய்.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உனக்கும் இருந்ததில்லை. செத்தவன் பேரில் சம்மன் அனுப்புகிற மாதிரி என்று சிரித்திருப்பாய். எழுதுவதற்கு ஒரே காரணம், நீ கேட்ட வேலை முடிந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும்.

பல்கலைக்கழக விடுதியில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தோம். நீ சட்டம், நான் பொருளியல். அதன் பிறகு நீ உளுந்தூர்பேட்டை கோர்ட்டில் வழக்கறிஞரானாய். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரிக்கு வேலைக்கு வந்தேன். நான் நாவல் எழுதுவது என் துறையில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் பற்றிக் கேட்பதில்லை, எனக்கும் அது வசதியாகவே இருந்தது. என் முதல் நாவலை முழுதாகப் படித்த ஆறேழு பேரில் நீ ஒருத்தி. படித்துவிட்டு நீ சொன்னது இவ்வளவுதான்: "நல்லாதான்டி கீது. ஆனா இன்னா, இந்த முந்நூறு பக்கத்துல ஒருத்தனுக்கும் பசிக்கல."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைக் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லாததால் இரண்டு மாதம் உன்னைப் பார்க்க வரவில்லை. அடுத்த நாவலைத் தொடங்கியபோதுதான் வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு முறையை ஏற்படுத்தினாய். ஜன்னலோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "அதான் கூண்டு. ஏறு" என்றாய். என் பாத்திரமாக நான் அதில் உட்கார வேண்டும். நீ குறுக்கு விசாரணை செய்வாய். நாவலில் இருக்கிறதா இல்லையா என்பது பேச்சில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் வர வேண்டும். முதலில் என் கதாநாயகி செல்வியாக உட்கார்ந்தேன்.

"பேரு?"

"செல்வி."

"கல்யாணம் ஆவறதுக்கு முன்ன ராத்திரியில யாரு பக்கத்துல படுப்ப?"

யோசிக்காமல் "அம்மா பக்கத்துல" என்றேன்.

"கல்யாணம் ஆனப்புறம் மொத நாளு தூக்கம் வந்துச்சா?"

"இதெல்லாம் எதுக்கு?"

"சாட்சி எதிர்க் கேள்வி கேக்கறாங்கன்னு எழுதிக்கவா, தெரியலன்னு எழுதிக்கவா?"

சிரித்தோம். ஆனால் வீடு திரும்பியதும், பேருந்தில் வரும்போதே மனத்தில் உருவான ஒரு பக்கத்தை உட்கார்ந்து எழுதினேன். புது வீட்டில் விசிறிச் சத்தம் வேறு மாதிரி இருந்ததால் தூங்காமல் கிடந்த ஒரு பெண்ணைப் பற்றி. அந்த நாவலில் முதன்முதலாக உயிரோடு வந்தது அந்தப் பக்கம்தான். உன்னிடம் அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அதே நாவலில் கல்வராயன் மலையில் வாழும் ஒரு பெண்ணை எழுதியிருந்தேன். அமைதியானவள். அவள் வாயைத் திறந்தால் உண்மை மட்டும்தான் வரும். செல்விக்கு ஆறுதல் சொல்ல மலையிலிருந்து இறங்கி வருவாள். நீ அவளைக் கூண்டில் ஏற்றவில்லை. கள்ளக்குறிச்சி கோர்ட்டில் உனக்கு வழக்கு இருந்த ஒரு நாளில் என்னை அங்கே வரச் சொன்னாய். வராந்தாவில் உன் கட்சிக்காரி உட்கார்ந்திருந்தாள். மலையிலிருந்து விடியற்காலையில் பேருந்து ஏறி வந்தவள். புளியமரங்கள் யாருக்கு என்று கூடப் பிறந்த தம்பியோடு அவளுக்கு வழக்கு.

"போன வாய்தாவுக்கு ஏம்மா வரல?" என்று கேட்டாய்.

"எனக்கு எப்டி தெரியும் வக்கீலம்மா? எங்கிட்ட போனே கெடையாது."

அந்த நேரம் பார்த்து அவள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை ஒரு பக்திப் பாட்டைப் பாடத் தொடங்கியது.

"அப்ப இடுப்புல பாடுறது யாரு?"

"இது எம் மவன் போனு. சும்மா வச்சிகினு கீறன்" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். பிறகு நான் வாங்கிக் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னா டீ இது, சக்கர கம்மியா கீது" என்று முகத்தைச் சுளித்தாள். நான் கதை எழுதுகிறவள் என்று நீ சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எழுதுனா எந்தம்பி செஞ்ச அக்குருமத்த எழுது" என்றாள்.

அவள் போன பிறகு நீ கேட்டாய்: "உன் மலைக்காரி ஒரு வாட்டியாவது டீல சக்கர கம்மின்னு சொன்னாளா?"

வெறுமனே விவரங்களை அடுக்கிவிட்டால் ஆள் உண்டாகிவிடுவாளா என்று எதிர்த்துக் கேட்டேன். அப்படிக் கதை பண்ணுகிறவர்களை எனக்குத் தெரியும். நீ ஒப்புக்கொண்டாய். "பொய் சாட்சிக்குதான்டி விவரம் ஜாஸ்தி. கேக்காமலே சட்டை கலரெல்லாம் சொல்லுவான். நெஜ சாட்சி வேற மாதிரி. கூண்டுல நிக்கறப்ப கூட அவனுக்கு இன்னா கவலன்னா, கடைசி பஸ்ஸு போயிடுமேன்னு. வழக்கு நம்மளுது. அவனுக்கு அவன் பொழப்பு." என் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாக இதைச் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் எல்லாவற்றிலும் நீ சொன்னது சரி என்று இன்றும் நான் நினைக்கவில்லை. கோர்ட்டில் சாட்சியை உடைப்பதற்காகக் கேள்வி கேட்கிறார்கள். எழுதுகிறவள் உடைக்கக் கூடாது. இதைப் பற்றி நாம் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம்.

ஒன்றைப் பற்றி மட்டும் பேசியதே இல்லை. உன் தங்கையைப் பற்றி.

உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் வரும்போது வழியில் எலவனாசூர்கோட்டை. பேருந்து அங்கே நின்று ஆள் ஏற்றுகிற நேரத்தில் நீ கைப்பையைத் திறந்து எதையாவது தேடுவாய். வண்டி நகர்ந்ததும் மூடிவிடுவாய். எத்தனையோ முறை உன் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். என்ன தேடுகிறாய் என்று கேட்டதில்லை.

அந்த ஊரில்தான் உன் தங்கையைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் புருஷனுக்கு உரக்கடை, கொஞ்சம் நிலம். நிலத்துக் கிணற்றில் அவளைப் பிணமாக எடுத்தார்கள். துணி அலசப் போனவள் தவறி விழுந்துவிட்டாள் என்றான். கிணற்றுக்கு மோட்டார் இருந்தது, பக்கத்திலேயே துவைக்கத் தொட்டி இருந்தது, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கக்கூட யாருக்கும் அவசியம் இல்லை. வழக்கு நடந்தது. பார்த்தேன் என்று முதலில் சொன்ன அக்கம்பக்கத்துக்காரர்கள் கூண்டில் ஏறியதும் பார்க்கவில்லை என்றார்கள். சந்தேகத்தின் பலனை அவனுக்குக் கொடுத்து விடுதலை செய்தார்கள். அப்போது நீ புதிதாகக் கோட்டு மாட்டியவள், தீர்ப்பு நாளில் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது.

என் நாவல் அந்தக் கதையை நோக்கிப் போகும் என்று தொடங்கும்போது நான் நினைக்கவில்லை. செல்விக்குக் கல்யாணம் ஆனது, அவளை எழுதிக்கொண்டே போனேன், கிணறு வந்துவிட்டது. யார் பெயரையும் சொல்லாமல் உன்னிடம் அனுமதி கேட்டேன். "எழுதேன், இன்னா இப்ப" என்று மட்டும் சொன்னாய். அதனால் செல்வியின் புருஷன் பாஸ்கரை என்னால் முடிந்த அளவு கொடியவனாக எழுதினேன். குடிகாரன், சிவந்த கண், தெருநாயைக் கல்லால் அடிப்பவன், பெற்ற தாயைக் கெட்ட வார்த்தையில் பேசுபவன். தீர்ப்பு அவனைத் தண்டிக்காமல் விட்டது, நானாவது தண்டிக்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன். உனக்கு அது ஆறுதலாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

தாள்களை வாங்கிக்கொண்டு போனாய். வாரக் கணக்கில் பதில் இல்லை. அதற்குள் உன் உடம்பில் வந்திருப்பது என்ன நோய் என்று தெரிந்துவிட்டது.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி. மருந்து ஏற்ற உன்னை அழைத்துப் போவது என் வேலையானது. தாழ்வாரத்தில் வரிசையாக இரும்பு நாற்காலிகள், வரிசையாக மொட்டைத் தலைகள். கூப்பிடும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாம் முறை போனபோது பையிலிருந்து என் தாள்களை எடுத்தாய்.

"நடத்தலாமா இன்னிக்கி?"

"இங்கயா?"

"ஏன், கோர்ட்டு மாதிரிதான கீது. கூப்புடற வரைக்கும் குந்திகினு கெடக்கணும். நீ பாஸ்கரு. சொல்லு, குடிப்பியா?"

"குடிப்பேன்."

"அடிப்பியா?"

"அடிப்பேன்."

"கல்யாணத்துக்கு முன்னயே குடிதானா?"

"ஆமா."

"ஊருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் உனக்கு எவன்டா பொண்ணு குடுத்தான்?"

நீ விடவில்லை. "சொல்லு. தெருவுல போனா நாய் கொலைக்குது உன்னைப் பாத்து. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. பொண்ணு குடுத்த வூட்ல எல்லாருக்கும் கண்ணு பொட்டையா?"

பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் நாம் சண்டை போடுகிறோம் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தார். எனக்கும் சண்டை போலத்தான் இருந்தது. "அவன் அப்படிப்பட்டவன்தானே?" என்று கேட்டுவிட்டேன். நாவலில் உள்ளவனைக் கேட்கவில்லை என்பது உனக்குப் புரிந்தது. இத்தனை வருடங்களில் அவனைப் பற்றி உன்னிடம் நான் பேசிய முதல் வாக்கியம் அது.

தாள்களை மூடி மடியில் வைத்துக்கொண்டாய். "எழுந்திரு. எடத்த மாத்திக்கலாம். கூண்டுல நான் ஏறுறன், நீ கேளு."

எனக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. மாணவர்களைத் தேர்வில் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"அவனைப் பற்றி என்ன தெரியும்?"

"ஒரு நாளு எந்தங்கச்சி வூட்டுக்கு வந்துட்டா. களமருதூருக்கு. கண்ணுக்குக் கீழ வீங்கியிருந்துச்சி. கதவு இடிச்சிச்சின்னா. எங்கம்மா கேட்டதும் அழுதுட்டா. அடிச்சிட்டான்."

"பிறகு?"

"மறுநாளு காலையில அவன் வந்தான். பெரியவங்கள யாரையும் கூட்டிகினு வரல. ஒண்டியா வந்தான், டிவிஎஸ் வண்டியில. நாக்காலி போட்டா குந்தல, தரையில குந்தினான். நேரா என்னைப் பாத்து சொன்னான், 'எம்மேலதான் தப்பு வக்கீலக்கா. அடிச்சிட்டன். போலீசுல குடுக்கணும்னா குடுங்க, நானே வந்து ஒத்துக்கறன்.' அவ அப்டி பேசினா, இப்டி பண்ணா, அதான் அடிச்சன்னு ஒரு வார்த்த சொல்லலடி. அடிச்சவன் எல்லாரும் சொல்லுவானே, அது."

"நடித்தானா?"

"அதுதான் இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல. நடிக்கலன்னுதான் தோணுது. அன்னிக்கி நெஜமாவே அழுதான். அதான் எனக்குப் பயமா கீது."

ஒரு செவிலியர் வந்து யாரோ ஒருவரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டுப் போனார். நீ தொடர்ந்தாய்.

"எங்கம்மா சோறு போட்டாங்க. ரெண்டு பேரும் சாப்ட்டாங்க. சாப்ட்டதும் தட்ட எடுத்துகினு போய் அவனே கழுவினான். எங்கம்மா பதறிப்போய், 'ஐய, வைங்க மாப்ள'ன்னு ஓடறாங்க. 'இருக்கட்டும் அத்த, எங்க வூட்ல நான்தான் கழுவறது'ன்னான். அவன் தட்ட மட்டும் இல்ல. அவ தட்டையும் சேத்து கழுவி கவுத்து வச்சான்."

"அதனால்?"

"அதனாலன்னு கேக்கற? எங்கப்பா செத்துப்போன நாளு வரைக்கும் தட்டுலயே கை கழுவுன ஆளு. எங்கம்மா அவன் அழுததப் பாத்து மனசு மாறினாங்க. நான் படிச்சவ இல்ல? அழுகைக்கெல்லாம் மயங்க மாட்டன். நான் தட்டப் பாத்து மாறினன்."

நான் அடுத்த கேள்வியைக் கேட்க விரும்பவில்லை. நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய், ஆகவே கேட்டேன். "உன் தங்கை என்ன சொன்னாள்?"

"ஒண்ணும் சொல்லல. என்னையே பாத்துகினு நின்னா. நான் சொன்னா கேப்பா, சின்னதுலேர்ந்தே. 'போடி, நல்ல ஆளுதான், போய் பொழைக்கற வழியப் பாரு'ன்னன். வண்டியில ஏத்தி வுட்டதும் நான்தான். சக்கரத்துல மாட்டிக்கப் போவுதுன்னு முந்தானைய இழுத்து இடுப்புல சொருகி வுட்டன்."

அந்த மாத முடிவில்தான் கிணறு.

என் தாள்களைத் தட்டிக் காட்டினாய். "நம்பும்படியா எழுதணும், பாத்திரம் நம்பும்படியா இருக்கணும்னு எப்பப் பாத்தாலும் சொல்லிகினு கீறியே, அந்த வார்த்தைக்கு இன்னா அர்த்தம்னு நெனச்ச? நாங்க நம்பினோம். வூட்ல பொண்ண வச்சிகினு கீறவங்க நம்பற மாதிரி ஒரு ஆளு. அவன எழுது. நீ எழுதி வச்சிருக்கற இவன எவ நம்புவா?"

நம்பும்படியான பாத்திரம் என்ற சொற்களை வகுப்பறையிலும் கூட்டங்களிலும் எத்தனை முறை பயன்படுத்தியிருப்பேன். பெண் கொடுக்கும் வீட்டில், மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற அதே சொல்தான் அது என்று எனக்கு ஒருபோதும் உறைத்ததில்லை. நம்பும்படியான ஆள்தான், கொடுக்கலாம்.

திரும்பி வரும்போது காரில் நீ கண்களை மூடியபடியே பேசினாய். வாசகர்களுக்கு ஒரு சின்ன அடையாளமாவது வைக்க வேண்டும் என்று நான் வாதாடினேன். ஒரு பார்வை, ஒரு சொல், பின்னால் நடக்கப் போவதற்கு ஒரு குறி. அது இல்லாமல் அவர்களைக் கிணற்றுக்குக் கூட்டிப் போவது நியாயம் இல்லை என்றேன்.

"எங்களுக்கு மட்டும் நியாயமாவா இருந்துச்சி?" என்றாய். "ஒரு குறியும் வைக்காத. நாங்க பாக்கல. அவங்களும் பாக்கக் கூடாது."

"பார்க்காவிட்டால் என்ன ஆகும்?"

"போம்மா, போய் பொழைக்கற வழியப் பாருன்னு அவங்களும் சொல்லுவாங்க. ஒருத்தராவது சொல்லட்டும்டி. நான் இத்தினி வருசமா ஒண்டியா நின்னுகினு கீறன்."

இது எழுத்தின் வேலையா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு வாசகியின் கையைப் பிடித்து இழுத்து, உன் குற்றத்தில் பாதியை அவள் தலையில் ஏற்றுவது சரியா? அப்படியே ஏற்றினாலும் உன் பாரம் குறையுமா? கதை படிப்பதால் யாருக்கும் எதுவும் குறைவதாக நான் நினைப்பதில்லை. ஆனால் உனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, இந்த உலகத்தில் யாரிடமும் நீ எதையும் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான். சரி என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் செல்வியைப் பற்றி ஒரே கேள்வி. "அனுப்பிட்டியாடி அவள?"

"இன்னும் இல்லை" என்பேன். எழுத முடியவில்லை என்று சொல்ல மாட்டேன். பாஸ்கரின் குடியை எடுத்தேன். சிவந்த கண்ணை எடுத்தேன். நாய்கள் அவனைப் பார்த்து வாலாட்டின. உரக்கடையில் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளுக்கு, பூச்சிமருந்துப் புட்டியின் மேல் எப்போது அடிக்க வேண்டும் என்று சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தான். இதை நானாகத்தான் கற்பனை செய்தேன். எழுதிய பிறகு ஒரு மணி நேரம் வேறு வேலை பார்க்க முடியவில்லை. எனக்கு அவனைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கெட்டவனுக்கு ஏதாவது ஒரு நல்ல குணத்தை ஒட்ட வையுங்கள், அப்போதுதான் பாத்திரம் உயிர் பெறும் என்று எழுதக் கற்றுக்கொடுக்கிறவர்கள் சொல்வதுண்டு. ஒட்ட வைத்தால் உரிந்து வந்துவிடும். இவனுக்கு எதுவும் ஒட்ட வேண்டியிருக்கவில்லை. நாளுக்கு நாள் அவன் நல்லவனாகவே இருந்தான். எழுதுகிற எனக்கே அவன் என்ன செய்யப் போகிறான் என்பது மறந்து மறந்து போனது.

தட்டு கழுவுகிற இடம் மட்டும் வரவில்லை. அதை எழுதினால் அடுத்து அவளை வண்டியில் ஏற்ற வேண்டும்.

கடைசியாகக் களமருதூரில் உன்னைப் பார்த்தேன். வீட்டுக்கு எதிரே வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தூசு வரும் என்று உன் அம்மா ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். கட்டிலில் நீ ஒரு போர்வை அளவுக்குத்தான் இருந்தாய். அம்மா எனக்கு மோர் கொடுத்துவிட்டு, "நேத்திலேர்ந்து ஒரு வாய் எறங்கல. நீயாவது சொல்லும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்கள். நீ கண்ணைத் திறந்தாய்.

"அனுப்பிட்டியா?"

"இல்லை. நாளைக்கு உட்கார்ந்து எழுதிவிடுவேன்."

நீ திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். தலையை மெல்ல அசைத்தாய். "அவசரமில்லடி. இன்னிக்கி ஒரு நாளு வூட்லயே இருக்கட்டும்."

அந்த வாரமே நீ போய்விட்டாய். எரித்துவிட்டு வந்தவர்கள் குளித்து முடிக்கும் வரை உன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வெகு நாள் கழித்துத்தான் எழுதினேன். ஒரு விடுமுறை நாள், காலையில் உட்கார்ந்தவள் மதியத்துக்குள் முடித்துவிட்டேன். இரண்டு தட்டுகளையும் நீ சொன்னபடியே கழுவிக் கவிழ்த்து வைத்தான். "எங்க வூட்ல நான்தான் கழுவறது" என்பதையும் மாற்றவில்லை. செல்வி தன் அக்காவைப் பார்த்துக்கொண்டு நிற்பதோடு அத்தியாயத்தை நிறுத்தினேன். எந்தக் குறியும் வைக்கவில்லை. முந்தானையை அடுத்த அத்தியாயத்துக்கு ஒதுக்கினேன். முடித்தபோது நன்றாக எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தது. அது சந்தோஷம் தரவில்லை.

யாரிடமாவது படிக்கக் கொடுக்க வேண்டும். எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நித்யா நிறையப் படிக்கிற பெண். கூர்மையானவள், முகஸ்துதி தெரியாதவள், மாணவிகள் பிரச்சினை என்று வந்தால் முதல்வர் அறைக்கே போய்ச் சத்தம் போடுகிறவள். இவள் ஏமாற மாட்டாள் என்று நினைத்தே கொடுத்தேன். ஏமாறாமல் இருக்க வேண்டும் என்று விரும்பினேனோ என்னவோ. அந்த அத்தியாயம் வரையிலான பக்கங்களை மட்டும் கொடுத்தேன்.

போன வாரம் சாப்பாட்டு இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"படிச்சிட்டேன் மேடம். ராத்திரியே முடிச்சிட்டேன்."

"எப்படி இருக்கிறது?"

"அவரு பாவம் மேடம்."

"யாரு?"

"பாஸ்கர்தான். கை நீட்டினது தப்புதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நேரா வந்து ஒத்துக்கறாரே, அது எத்தினி பேருக்கு வரும்? எங்க வூட்ல எல்லாம் சாப்ட்ட தட்டு அங்கயே காஞ்சிகினு கெடக்கும். இவரு அவ தட்டையும் சேத்து கழுவறாரு." சிரித்தாள். "அந்த எடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சி மேடம்."

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டிக்காரப் பெண்ணின் முகம். நீ கறுப்புக் கோட்டு மாட்டிய புதிதில் உன் முகம் இப்படித்தான் இருந்தது.

"அந்த அக்கா ஒண்ணும் சொல்லாம நிக்கறாங்களே, எனக்கு அதான் கோவம். நல்லா எடுத்துச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான? இந்த மாதிரி ஒரு ஆள வுட்டுட்டு வந்து இவ இன்னா பண்ணப் போறா?" சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள். "அனுப்பிடறாங்களா மேடம்?"

"அனுப்பிடறாங்க."

"அப்பாடா" என்றாள் நித்யா. டப்பாவைத் திறந்து சாப்பிடத் தொடங்கினாள்.

முந்தானையும் கிணறும் வரும் அடுத்த அத்தியாயம் என் பையிலேயே இருந்தது. அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை அதை எடுக்கவில்லை, அதன் பிறகும் எடுக்கவில்லை. இன்றும் அவள் கேட்டாள், இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒருத்தியாவது சொல்லட்டும் என்று நீ கேட்டாய். சொல்லிவிட்டாள். அப்பாடா என்று அவள் விட்ட அந்த மூச்சு என்னிடம் இருக்கிறது. உன்னிடம் கொண்டுவந்து சேர்க்க வழி தெரியவில்லை. அவளிடமே திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை.